அரை ஷிப்ட் கணக்கு

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபோது, ஓவர்டைம் என்ற சொல்லையே நாங்கள் பேசியதில்லை. ‘ஒன்றரை ஷிப்ட்’ என்போம். எட்டு மணி நேரத்துக்கு முழுக் கூலி, மேற்கொண்டு நான்கு மணி நேரத்துக்கு அரைக் கூலி. நியாயமாகத்தானே தெரிகிறது? அந்தச் சொல்தான் எங்களை ஏமாற்றியது.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு, வாரம் 48 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது. ஆறு நாளும் எட்டு மணி நேரம் உழைத்தாலே 48 ஆகிவிடும். அதற்கு மேலான அந்த ‘அரை’க்கு முழு ஷிப்ட் கூலி வந்திருக்க வேண்டும்!

கொரோனா காலத்தில் குஜராத் அரசு இந்த இரட்டிப்பை நிறுத்தியது. 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, பாக்கியையும் கொடுக்கச் சொன்னது. செய்தியைப் படித்துவிட்டு என் பழைய சம்பளக் கவரைத் தேடி எடுத்தேன். மேலே பென்சிலில் ‘1½’.