ரெஃப்ரி வரலைன்னா பந்து உருளாது

கொஞ்சம் நீளமான பதிவு இது. திருவிழாவை ஒட்டி நாம நடத்துற எழுவர் காற்பந்துப் போட்டியைப் பத்தினது. உங்க வீட்டுப் பிள்ளைங்க விளையாடலைன்னாலும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

இந்த வருஷப் போட்டிக்கு நாலு நடுவர்களைக் கேட்டோம். நாலு பேரும் வரலன்னுட்டாங்க. மூணு பேர் வேலை, கல்யாணம்னு காரணம் சொன்னாங்க. ஒருத்தர் மட்டும் ஒளிக்காம சொன்னார்: "அண்ணே, உங்க சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். ஆனா நாள் முழுக்க எங்கம்மாவை ஏசுறதைக் கேட்டுக்கிட்டு என்னால நிக்க முடியாது."

அவர் சொன்னதுல தப்பு இல்ல. போன வருஷம் அரையிறுதியில விசில் ஊதுனது 19 வயசுத் தம்பி ஒருத்தர். பந்து கையில பட்டுச்சுன்னு பெனால்டி கொடுத்தார். அடுத்த அஞ்சு நிமிஷம் திடலோரத்துல இருந்து வந்த வார்த்தைகளை இங்க எழுத முடியாது. கத்துனது விளையாடுன பசங்க இல்ல. அவங்க அப்பா, மாமா, பெரியப்பா. ஆட்டம் முடிஞ்சதும் மூணு பேர் அந்தத் தம்பியோட மோட்டாரைச் சுத்தி நின்னாங்க. எங்க ஆளுங்க ரெண்டு பேர் கூடவே போய், பெரிய ரோடு வரைக்கும் விட்டுட்டு வந்தாங்க. பெட்ரோல் காசுக்கு வந்த பிள்ளை அவர். அதுக்கப்புறம் விசிலைத் தொடவே இல்ல.

"வாயால தானே பேசுனோம், கை வைக்கலையே"ன்னு சிலர் கேக்குறாங்க. வாய் எங்க கொண்டு போய் விடும்னு நெதர்லாந்துல பார்த்தாங்க. 2012 டிசம்பர் 2ஆம் தேதி, அல்மேரே நகரத்துல பசங்க ஆட்டம் ஒன்னு. ரிச்சர்ட் நியூவென்ஹவுசன், வயசு 41, சம்பளம் இல்லாம கோட்டு நடுவரா நின்னவர். அவரோட மகனும் அன்னைக்கு ஆடுனான். ஆட்டம் முடிஞ்சதும் எதிரணிப் பசங்க அவரைக் கீழ தள்ளி உதைச்சாங்க. மறுநாள் இறந்துட்டார். அந்த வார இறுதியில நாடு முழுக்க அமெச்சூர் ஆட்டங்களையெல்லாம் நிறுத்துனாங்க. தண்டனை பசங்களுக்கு மட்டும் கிடைக்கல. அவங்கள்ல ஒருத்தனோட அப்பாவுக்கும் 6 வருஷ சிறை. அந்த அப்பாவை நாம மறக்கக் கூடாது.

இதுக்கு வழி என்னன்னு தேடினப்போ ரக்பியைப் பார்த்தோம். ரக்பி நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. 1921ல இங்க வந்துட்டுப் போன எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல்காரங்க காற்பந்துக்கு ஒன்னு, ரக்பிக்கு ஒன்னுன்னு கிண்ணம் கொடுத்துட்டுப் போனாங்க. ஆளை ஆள் இடிச்சுச் சாய்க்கிற ஆட்டம் அது. ஆனா நடுவர்கிட்ட பேசுற உரிமை அணித்தலைவருக்கு மட்டும்தான். மத்தவங்க முணுமுணுத்தா, பெனால்டி எடுக்குற இடம் 10 மீட்டர் முன்னால நகர்ந்துடும். ஒருத்தர் வாய் விட்டா மொத்த அணிக்கும் நஷ்டம். அதனால பக்கத்துல இருக்குறவனே "சும்மா இருடா"ன்னு அடக்கிடுவான். 2024 ஐரோப்பியக் கிண்ணத்துல காற்பந்துலயும் அணித்தலைவர் மட்டும் பேசலாம்னு கொண்டு வந்தாங்க.

ஆனா சட்டம் வெள்ளைக் கோட்டுக்குள்ள மட்டும்தான். 2023 உலகக் கிண்ண ரக்பி இறுதியாட்டத்தை நடத்துன வெய்ன் பார்ன்ஸ் அதோட விசிலை வச்சுட்டார். தன் குடும்பத்துக்கு வந்த மிரட்டலைப் பத்தி வெளிப்படையா பேசினார். அதே ஆட்டத்துல காணொளி நடுவரா இருந்த டாம் ஃபோலியும் வசவு தாங்காம சர்வதேச ஆட்டங்கள்ல இருந்து ஒதுங்கினார். அவங்களைத் துரத்துனது கோட்டுக்கு வெளிய இருந்தவங்க.

நம்ம பிரச்சனையும் கோட்டுக்கு வெளியதான். அதனால இந்த வருஷம் இப்படி முடிவு பண்ணிருக்கோம்:

கோட்டுல இருந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுறோம். பார்க்க வர்றவங்க கயிறுக்கு அந்தப் பக்கம். நடுவர்கிட்ட அணித்தலைவர் மட்டும் பேசலாம். வெளிய இருந்து யாராவது ஏசினா எங்க தொண்டர் ஒரு தடவை வந்து சொல்லுவார். ரெண்டாவது தடவை ஆட்டம் நிக்கும். அந்த ஆள் திடலை விட்டுப் போன பிறகுதான் மறுபடி தொடங்கும். 10 நிமிஷத்துல போகலைன்னா அவர் ஆதரிக்கிற அணி தோத்ததா எழுதிடுவோம். நடுவரை வீட்டுல போய்க் கூட்டிட்டு வந்து, திரும்பக் கொண்டு போய் விடுறதும் எங்க பொறுப்பு.

நடுவர் தப்பே பண்ண மாட்டாரான்னு கேப்பீங்க. பண்ணுவார். ஆட்டம் முடிஞ்சதும் அணித்தலைவர் எழுதிக் கொடுக்கட்டும், நடுவரை வச்சுக்கிட்டே பேசுவோம். முடிவு மாறாது, ஆனா மறைக்கவும் மாட்டோம்.

இதைச் சொன்னதுல ஒரு சங்கடமும் வந்துச்சு. வருஷா வருஷம் கிண்ணம் உபயம் பண்ற பெரியவர் ஒருத்தர், "கிண்ணம் கொடுக்குற என்னையே வெளிய போகச் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டார். "ஆமாங்கய்யா, சொல்லுவோம்"னோம். உபயத்தை நிறுத்திட்டார். அவர் மேல எங்களுக்கு மரியாதை குறையல. ஆனா கிண்ணம் இல்லாமக்கூட ஆட்டம் நடக்கும். நடுவர் இல்லாம நடக்காது. ஆட்டம் இல்லைன்னா அந்தப் பசங்க சாயங்காலம் எங்க போய் நிப்பாங்கன்னு லாபுல இருக்குற நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அன்னதான வரிசையில 15 வயசுத் தொண்டர் "மாமா, வரிசையில வாங்க"ன்னா எவ்வளவு பெரிய மனுஷரும் நகர்ந்து நிக்கிறோம். அவன் வயசையா பார்க்குறோம்? அவன் கையில இருக்குற பொறுப்பைத்தான் பார்க்குறோம். விசிலும் அப்படித்தான்.

கயிறு ஓரம் நிக்க இன்னும் ஆறு பேர் வேணும். அப்பாக்கள் வந்தா ரொம்ப நல்லது. 18 வயசுக்கு மேல, நடுவர் பயிற்சி எடுக்க ஆசைப்படுற தம்பி தங்கச்சிங்க இருந்தா கட்டணத்தை நாங்களே கட்டுறோம். ஞாயிறு பூசை முடிஞ்சதும் மண்டபத்துல இருப்போம். வந்து பெயர் கொடுங்க.