அண்ணன் வண்டிக்கு ஒரு மேசை

போன மார்கழியில் கொல்லைக் கொட்டகையில் விழுந்தேன். புல்லட்டைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்து, ஆயில் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செங்கல் நழுவியது. வண்டி மேலே விழாமல் சுவரில் சாய்ந்ததால் இதை எழுதுகிறேன். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தூக்கினாள்.

"ஒண்ணு வண்டிய வித்துடுங்க, இல்ல ஒழுங்கா வேலை செய்ய வழி பண்ணுங்க" என்றாள்.

விற்கலாம்தான். ஆனால் வண்டி என்னுடையதல்ல. 1974-இல் அண்ணன் வாங்கியது. இரண்டு வருஷம் ஓட்டினார், பிறகு பிரான்சுக்குப் போய்விட்டார். நம் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் அப்படிப் போனவர் உண்டு. "பாத்துக்கடா" என்று சாவியைக் கொடுத்தார். ஞாயிறுதோறும் போனில் என் சுகத்துக்கு முன்னால் வண்டி சுகத்தைத்தான் கேட்பார். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு.

விழுந்ததைச் சொல்லவில்லை, முட்டி வலி என்று மட்டும் சொன்னேன். "இங்க எல்லா கராஜ்லயும் தாப்ல் எலெவாத்ரிஸ் இருக்குடா, அத வாங்கு" என்றார். வண்டியை ஏற்றி இடுப்பு உயரத்துக்குத் தூக்கும் மேசை. ஜாக்கியைக் 'கிரிக்' என்று படித்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் சட்டென்று புரிந்தது. நம் ராஜா தியேட்டர் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டால் "பைக் லிஃப்டா சார்?" என்கிறார்.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் கொட்டேஷன் இல்லாமல் ஒன்று வாங்குவானா? மூன்று வாங்கி, கோடு போட்ட தாளில் ஒப்பீட்டுப் பட்டியல் எழுதினேன். மூவரும் முதலில் சொன்னது எத்தனை கிலோ தூக்கும் என்பதைத்தான். என் வண்டி 170 கிலோவுக்குள்தான் இருக்கும். 300 தூக்கினால் என்ன, 500 தூக்கினால் என்ன? அந்தக் கலத்தை அடித்துவிட்டேன்.

காற்றில் தூக்குவது ஒன்று. அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும், அது போடும் சத்தத்தில் தெருவே சண்டைக்கு வரும். கரண்டில் தூக்குவது இன்னொன்று. விலை என் பென்ஷனுக்கு ஒத்துவராது. மிஞ்சியது காலால் மிதிக்கும் ஹைட்ராலிக். கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் கால்கள். படுத்த நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மிதி கனக்கும், மேலே போகப் போக இலேசாகிவிடும். கடையில் வேறொரு புல்லட்டை ஏற்றச் சொல்லி என் காலாலேயே மிதித்துப் பார்த்தேன். முட்டி தாங்கியது.

பின்சக்கரம்தான் யோசிக்க வைத்தது. புல்லட்டில் அதைக் கழற்றி மட்கார்டுக்கு அடியிலிருந்து எடுக்க வண்டியை ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். தரையில் சாய்க்கலாம். இரண்டரை அடி உயரத்தில், இரண்டடி அகல மேசையில் எப்படிச் சாய்ப்பது? அதற்காக மேசையின் பின்பகுதியில் கழற்றக்கூடிய ஒரு தகடு வைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் சக்கரம் நேராகக் கீழே இறங்கும். முதல் கடைக்காரர் மேசையில் அது இல்லை. "யாரும் கேக்கறதில்ல சார்" என்றார். கேட்டேனே ஐயா.

அடுத்தது பூட்டு. இரண்டாவது கடையில் தூக்கிய மேசையை எண்ணெய் மட்டும் தாங்கி நின்றது. மூன்றாவதில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்று, ஏற ஏறக் 'கடக் கடக்' என்று விழுந்து பூட்டிக்கொள்கிறது. விலை நாலாயிரம் கூடுதல். அதையே எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை ஏற்றவில்லை. நாலு சிமெண்ட் மூட்டை, 200 கிலோ, ஏற்றித் தூக்கி, பூட்டு விழாமல் சட்டத்தைத் தூக்கிக் கட்டிவிட்டு, சுவரில் சாக்பீசால் கோடு போட்டேன். காலையில் மேசை கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. புது மேசை, ஒரே ராத்திரி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அந்த இரும்ப மறக்காம போடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து பூட்டைப் போடாமல் மேசைப் பக்கம் கையை நீட்டுவதில்லை. தனியாக வண்டியை ஏற்றுவதும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பின்னால் பிடிக்க வேண்டும். முன்சக்கரத்தைக் கிடுக்கியில் இறுக்கி, இரண்டு பக்கமும் நாடா இழுத்துக் கட்டிய பிறகுதான் மிதி.

முதல் வேலை டாப்பெட். பழைய புல்லட்டில் அது சிலிண்டருக்கு அடியில், வலப்பக்க மூடிக்குள் இருக்கும். இத்தனை வருஷம் குந்தி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, தடவிப் பார்த்துச் செய்த வேலை. இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே. ஆறிய எஞ்சினில் புஷ் ராடு விரலுக்குச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீடியோவில் வந்தார். போனைக் கிட்டே கொண்டுபோனேன்.

"சுத்துதா?"

"சுத்துது."

"இன்னொரு தடவ சுத்திக் காட்டுடா" என்றார்.