ஈர விறகும் வெட்டுக் கூலியும்

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாயிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் காட்டுக்கருவையைத் திட்டாதவர் இல்லை. 1877-இல் அன்றைய மதராஸ் மாகாணத்தின் கடப்பைப் பகுதிக்குள் வந்த மரம் இது. இதை அகற்றச் சொல்லி 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே உத்தரவிட்டது. ஆனால் இந்த வறண்ட சீமையில் பல வீடுகளில் அடுப்பு எரிவதும் இந்த மரத்தால்தான். பருத்த கட்டை கரிமூட்டத்துக்குப் போய்விடும். மூட்டத்துக்கு ஆகாத விளாரும் சுள்ளியும் தூரும் லாரி ஏறி மின் நிலையத்துக்குப் போகும். மர அறுவை மில்லில் கழித்த பட்டையும் தூளும் அங்கேதான் சேரும். வெட்டுக்காட்டிலிருந்து பாய்லர் வரை அந்தக் கழிவோடு போய்ப் பார்த்தேன்.

வெயில் ஏறுமுன் வெட்டு தொடங்கிவிடுகிறது. காலில் டயர் செருப்பு. இடது கையிலுள்ள கவைக்கம்பால் முள் கொப்பை அழுத்தி விலக்கி, வலது கை அருவாளால் அடியில் ஒரே வீச்சு. வெட்டியதைக் கையால் தொடுவதில்லை. கவையாலேயே புரட்டித் தள்ளுகிறார்கள். அப்படியும் முள் ஏறாத கால் அங்கே ஒன்றுகூட இல்லை.

மின் நிலையத்தில் எடைமேடையைத் தாண்டியதும் லாரியின் பல இடங்களிலிருந்து சாம்பிள் எடுக்கிறார்கள். அதை எடை போட்டு, 105 டிகிரி சூட்டில் உலர்த்தி, மறுபடி எடை போடுகிறார்கள். குறைந்த எடைதான் ஈரம். ஈரத்துக்கு ஏற்பப் பணம் கழிகிறது. தூரில் ஒட்டிய மண்ணுக்கும் கழிவு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது: மணல் உலைக்குள் சாம்பலோடு சேர்ந்து உருகிக் கட்டிதட்டிப் போனால், உலையை அணைத்துவிட்டுக் கடப்பாரையால் உடைத்தெடுக்க வேண்டும்.

என்னை உறுத்தியது ஈரக் கணக்குதான். பச்சை விறகில் பாதிக்குப் பாதி தண்ணீர். 1,000 கிலோ பச்சை விறகை 20 சதவீத ஈரத்துக்குக் காயவிட்டால் 625 கிலோதான் நிற்கும். ஆனால் பாய்லருக்கு அந்த 625 கிலோ தரும் சூடு, பச்சையாய்ப் போட்ட 1,000 கிலோ தருவதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுதல். பச்சையில் எரியும் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுகிறது. 10 மெகாவாட் நிலையம் ஒரு நாளைக்குச் சுமார் 300 டன் விழுங்கும் என்றால், இந்த வித்தியாசம் சின்னது அல்ல.

ஆக, காயவைத்தால் எல்லாருக்கும் லாபம். ஆனால் யார் காயவைப்பது? வெட்டுகிறவருக்குக் கூலி டன் கணக்கில். "காயிற வரைக்கும் புள்ளைகளுக்கு என்னத்தண்ணே ஆக்கிப் போடுறது?" என்று ஓர் அக்கா கேட்டார். வியாபாரியும் வாரக்கணக்கில் பணத்தை முடக்க விரும்புவதில்லை. அதனால் விறகு பச்சையாகவே லாரி ஏறுகிறது. கழிவு பிடித்ததும் அந்த நட்டம் வெட்டுக் கூலியின் தலையிலேயே விடிகிறது.

மின் நிலையம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெட்டிய அன்றே பச்சை எடைக்கு முழுக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். காட்டிலேயே காயவிட்டு, காய்ந்தபின் ஏற்றுங்கள். அதற்கு ஆகும் செலவைக் கூடுதலாகக் கிடைக்கும் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுகிறவர் கூலியில் கைவைக்காதீர்கள்.