குளிரும் துடிப்பும்

கேமரன் மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டங்களைச் சூழும் இரவுக் குளிர், கணினியின் துடிப்பை முடுக்க விழையும் இளைஞனுக்கு வரமாகத் தோன்றும். 1998இல் வெளிவந்த செலரான் 300ஏ சில்லை, ஆர்வலர் பலர் தாய்ப்பலகைத் துடிப்பை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்சாக்கி, 300க்கு மாறாக 450இல் ஓட்டினர். ஆயின் மின்னழுத்தத்தையும் உயர்த்தினால், வெப்பம் அதன் இருமடிக்கேற்பப் பெருகும். வரைகலை அட்டைக்கும் இதுவே விதி. தேயிலை உலர்த்துவோன் கருகலை மணத்தால் அறிவான். சில்லோ மணமின்றியே கணக்கில் தவறிழைக்கும். பழுதுற்றால் பெரும்பாலும் உத்தரவாதமும் இல்லை. லயத்து வீட்டில் அன்னை சிறுகச் சிறுகச் சேர்த்த பணமன்றோ அது! அன்றியும், 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ ஏழிலொரு பங்கு குறைவு. குளிர் ஈந்ததில் ஒரு பகுதியை விசிறி அங்கே இழந்துவிடுகிறது.