ஆணி அடித்த இடம்

ட்ரோன் பறப்பதைப் பார்க்கத்தான் போனேன். காலை ஐந்தரை மணியிலிருந்து ஏழே முக்கால் வரை நான் பார்த்ததெல்லாம், ஒரு பெரியவர் குனிந்து குனிந்து மணலில் ஆணி அடித்ததுதான்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மீனவக் குப்பம் அது. ஐப்பசி மழைக்கு முன்னால் இதே கரையை ஒரு தடவை மேலிருந்து படமெடுத்திருந்தார்கள். இப்போது தை. இரண்டையும் பொருத்திப் பார்த்து, எங்கே மண் போயிருக்கிறது, எங்கே சேர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள். மொத்தம் மூன்று பேர். ட்ரோன் ஓட்டும் கடலூர்ப் பெண், சாமான் தூக்க ஒரு பையன், பிறகு எல்லோரும் 'சர்வேயர் ஐயா' என்று கூப்பிடும் அந்தப் பெரியவர். சங்கிலி இழுத்துத் தொழில் பழகி, தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் எல்லாம் பார்த்துவிட்டு ட்ரோனுக்கு வந்தவர்.

இந்தக் கரையின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். சோழகக் காற்று வீசும் மாதங்களில் அலை மண்ணை வடக்கே தள்ளும், வாடைக் காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும். வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மண் வடக்கு நோக்கித்தான் போகிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் நீட்டினார்கள். தெற்கில் மண் தேங்கியது, வடக்கில் கரை தேய்ந்தது. சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகன்று ராயபுரம் கரைந்ததே, அதே கணக்கு. நூறு வருஷம் முன்பு படித்த பாடத்தை மறுபடி காசு கொடுத்துப் படித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரிக்கிற இடத்தில் கல் கொட்டினார்கள். கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. அங்கேயும் கல் கேட்டார்கள். கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு கேட்டார்கள். இந்தக் குப்பம் அப்படிக் கல் முடிகிற இடம்.

மேலிருந்து எடுக்கும் படத்தில் அடையாளம் தெரிய ஐயா மணலில் விரித்தது பழைய ஃப்ளெக்ஸ் பேனர் துண்டுகள். இரண்டடிச் சதுரம், வெள்ளைப் பின்புறத்தில் எதிரெதிர் மூலைகளில் கறுப்புப் பெயின்ட். நடுவில் இரண்டு கறுப்பும் தொட்டுக்கொள்ளும் புள்ளிதான் குறி. பையன் ஒன்றைப் புரட்டிக் காட்டினான். யாரோ ஒரு தலைவர், பாதி மீசையோடு சிரித்தார். அவரை மறுபடி மணலைப் பார்க்க வைத்து நான்கு மூலையிலும் ஆணி அறைந்தார் ஐயா. பிறகு இரண்டு மீட்டர் கோலின் நுனியைக் குறியில் ஊன்றி, கோலில் இருக்கும் ரசமட்டத்தின் குமிழ் வட்டத்துக்குள் வரும்வரை மூச்சடக்கி நின்றார். கையிலிருந்த கருவியில், அளவு உறுதியானதற்கு அடையாளமாக, 'ஃப்ளோட்' என்பது மாறி 'ஃபிக்ஸ்' என்று வந்தது. உடனே எழுதிக்கொள்ளவில்லை. கோலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை எடுத்தார்.

"கோலு உயரம் ரெண்டுன்னு போடுறதுக்கு ஒண்ணே முக்கால்னு போட்டுட்டா போதும் சார். இந்தக் குப்பம் முழுசும் கால் மீட்டர் ஏறிடும். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேக்காது."

இப்படிப் பன்னிரண்டு குறிகள். கூடவே, கணக்கில் சேர்க்காமல் சோதிப்பதற்காக மட்டும் இன்னும் ஐந்து. அதில் ஒன்று கடற்சுவரின் கல் ஒன்றில் போன தடவை சிவப்புப் பெயின்ட்டில் போட்ட சிலுவைக் குறி. அங்கேதான் ஐயா நின்றுவிட்டார். மூன்று முறை எடுத்தார், கோலின் நுனியைச் சட்டையில் துடைத்துவிட்டு நான்காவது முறையும் எடுத்தார்.

"எறங்கியிருக்கு. பதினோரு சென்டி."

லாரியில் வந்த பாறை, அடியில் மண் போனதும் அமர்ந்துவிட்டிருக்கிறது. பழைய அளவை நம்பி அதையே பிடித்துப் படத்தைப் பொருத்தியிருந்தால், கல் நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றியுள்ள கரை மேலேறியதுபோல் வந்திருக்கும்.

ட்ரோன் கிளம்பியது அதற்குப் பிறகுதான். லாஸ்பேட்டை விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். உயரம் 60 மீட்டர். அங்கிருந்து ஒரு படப்புள்ளி தரையில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். வயல் உழுவதுபோல் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, ஒரு படத்தின் எண்பது சதவீதம் அடுத்த படத்திலும் வருகிறமாதிரி சுட்டுக்கொண்டே போனது. ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்தால்தான் மென்பொருள் அதன் உயரத்தைக் கண்டுபிடிக்கும். ஒரு பருந்து இரண்டு முறை வட்டமிட்டு வந்தது. அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுத்து அதையே பார்த்திருந்தார். பதினெட்டு நிமிடம். பேட்டரி சுட்டது, இறங்கியாயிற்று.

மாலை டீக்கடையில் மடிக்கணினியைத் திறந்தார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள உயர வித்தியாசம் நிறமாக வந்தது. போன மண் சிவப்பு, சேர்ந்த மண் நீலம். ஓரிடத்தில் அடர் நீலமாக நீள்வட்டங்கள்.

"இங்க நெறைய மண் சேர்ந்திருக்கே?" என்றேன்.

"அது ஃபைபர் போட்டு சார்" என்று சிரித்தார் அந்தப் பெண். "போன தடவை கடல்ல இருந்துச்சு, இப்ப கரையில ஏத்திப் போட்டிருக்காங்க." வலைக் குவியலும் அப்படித்தான், புது மண்மேடாக நிற்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். கடல் இருந்த இடமோ ஓட்டையும் ஒழுங்கற்ற குமிழுமாகக் கிடந்தது. அலை படத்துக்குப் படம் மாறுவதால் மென்பொருளுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஈர மணலும் மொழுமொழுவென்று இருந்தால் ஏமாற்றும்.

ஒவ்வொரு அளவையிலும் ஐந்து சென்டி பிழை இருந்தால் இரண்டையும் கழிக்கும்போது பிழை ஏழு சென்டி ஆகிறது. அதற்குக் கீழே தெரியும் நிறத்தையெல்லாம் அவர்கள் அழித்துவிடுகிறார்கள். அழித்த பிறகும் கல் முடிகிற இடத்துக்கு வடக்கே சிவப்பு அப்படியே நின்றது.

எல்லா அளவுக்கும் ஆதாரம் அம்மன் கோயில் மேடையில் அடித்த ஒரு பித்தளை ஆணி. சர்வே ஆஃப் இந்தியாவின் நிரந்தர நிலையங்களோடு ஒப்பிட்டு அது இம்மி நகரவில்லை என்று உறுதி செய்திருந்தார் ஐயா. 1802இல் பரங்கிமலைப் பக்கம் நில அளவையாளர் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோடு அளந்தபோது, வெயிலில் சங்கிலி நீள்வதைக்கூடக் கணக்கில் எடுத்தார் என்று ஐயாதான் வழியில் சொல்லிக்கொண்டு வந்தார். கிளம்புமுன் ஆணியைச் சுற்றிப் புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர் வெகுநேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா அது?"

"கடல் எவ்ளோ உள்ள வந்திருக்குன்னு பாக்க ஒரு அசையாத எடம் வேணும்மா."

"அதுக்குக் கோயில்லயா அடிச்ச?" என்றார் ஆயா. "இது ரெண்டாவது தடவை கட்டுன கோயிலு. மொதக் கோயிலு அங்க கெடக்கு." கை காட்டிய திசையில் கற்களுக்கு அப்பால் அலை உடைந்துகொண்டிருந்தது.

ஐயா பிரஷ்ஷை டப்பாவில் வைத்தார். பையனிடம் இன்னொரு ஆணியும் சுத்தியலும் எடுக்கச் சொன்னார். இருவரும் பைக்கில் ஏறி, சாலையைத் தாண்டி மேற்கே போனார்கள்.