நான் ஒரு டம்மி!

பி.காம். முடித்த கையோடு காரைக்காலில் ஒரு படகு இன்ஜின் சாமான் கடையில் கணக்கு எழுதப் போனேன். கம்ப்யூட்டரில் படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் மைஎஸ்க்யூஎல். கட்டளையை அடித்து, கடைசியில் அரைப்புள்ளி வைத்து, எண்டர் தட்டணும். அரைப்புள்ளியை மறந்தால் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு, கோபித்துக்கொண்ட பெண்டாட்டி மாதிரி பேசாமல் உட்கார்ந்திருக்கும்.

மாங்கனித் திருவிழாவுக்கு முதல் நாள். ஒரு மீனவப் பெரியவர் பாக்கி மொத்தத்தையும் கட்டிவிட்டு, "தம்பி, என் பேரை அடிச்சுடுப்பா" என்றார். பாக்கியைப் பூஜ்யமாக்க 'அப்டேட்' அடித்தேன். யாருடைய பாக்கி என்று சொல்கிற 'வேர்' பகுதியை அவசரத்தில் விட்டுவிட்டேன். '1,840 ரோஸ் அஃபெக்டட்' என்றது திரை. ஊர்க்கடன் பூரா தள்ளுபடி! எந்த அரசாங்கமும் இவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

'ரோல்பேக்' அடித்துப் பார்த்தேன். ம்ஹூம். 'ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷன்' என்று முதலிலேயே சொல்லியிருந்தால்தான் அது கேட்குமாம். முதலாளி திட்டவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதுதான் பயமாக இருந்தது.

நல்லவேளை, முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் இருந்தது. மறுநாள் ஊரே மாம்பழம் பிடிக்க, நான் ரசீதுக் கட்டைப் பிடித்தேன்.

'வேர்' இல்லாத அப்டேட்டை மறுக்க மைஎஸ்க்யூஎல்லில் 'சேஃப் அப்டேட்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதற்கு அவர்களே வைத்த இன்னொரு பெயர் 'ஐ ஆம் எ டம்மி'. சத்தியமாக! இன்றைக்கும் நான் அதைத்தான் அடிக்கிறேன்.

பழைய பேக்கப்பைப் போட்டதும் பெரியவரின் கடனும் திரும்ப வந்துவிட்டதே? முதல் ரசீது அவருடையதுதான். 'வேர்' போட்டு, இரண்டு தடவை படித்துவிட்டு எண்டர் தட்டினேன். 'ஒன் ரோ அஃபெக்டட்.'