அரைக்கைச் சட்டையும் ஆனி மாதத்து சினோவும்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய படம் இருக்கிறது. அதில் என் கணவர் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார். வெயில் தாங்காமல் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். பக்கத்தில் ஒரு பெரிய பாறை. கால் இரண்டும் கணுக்கால் வரை பனிக்குள்.

பின்பக்கத்தில் பேனையால் எழுதியிருக்கிறார்: '10.6.1990. இங்கே இப்போது கோடை.'

அவர் அதை எழுதிய அடுத்த நாள் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காக வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கடிதக் கட்டோடு அந்தப் படத்தைக் கொண்டுவந்து தந்தபோது மார்கழி. கலியாணமாகி ஐந்தாம் மாதம் வெளிநாடு போன மனிதர். முகத்தைப் பார்த்து ஒன்றரை வருடம்.

மாமி படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "கோடை எண்டு எழுதியிருக்கிறான். ஐசுக்கை நிக்கிறான். சுவெட்டரும் போடேல்லை. இவனுக்கு ஏதோ சரியில்லைப் பிள்ளை."

எனக்கு வந்த சந்தேகத்தை நான் மாமியிடம் சொல்லவில்லை. இவர் பொய் சொல்கிறாரோ என்றுதான் நினைத்தேன். குளிர்காலத்தில் எடுத்த படத்துக்கு ஆனி மாதத் தேதி போட்டு, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று காட்டுகிறாரோ? கோடை வெயிலும் பனியும் ஒரே படத்தில் எப்படி வரும்?

1993-ல் நான் சுவிஸ் வந்து இறங்கிய பிறகு முதல் வேலையாக இதைத்தான் கேட்டேன். அவர் சிரித்தார். "அடுத்த ஆனிக்கு உம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்" என்றார். அடுத்த ஆனியில் எனக்கு நிறைமாதம். அதற்கடுத்த ஆனியில் கையில் குழந்தை. பிறகு வேலை, வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம். அந்தப் பாறையை நான் பார்க்க 2022 ஆகிவிட்டது.

டாவோஸ் என்றால் உங்களுக்கு ஜனவரியில் டி.வி.யில் வரும் உலகப் பொருளாதார மாநாடு நினைவுக்கு வரும். கோட் போட்ட பெரிய மனிதர்கள் வழுக்காமல் நடக்கப் பழகும் ஊர். எங்கள் குடும்பத்துக்கு அது கோப்பை கழுவிய ஊர். இவர் அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் சூப் பொறுப்பு வரைக்கும் வந்தவர். ஊரின் உயரம் 1,560 மீட்டர். ஏற்காட்டை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனால் ஏற்காடு எங்கே, இது எங்கே! மலைச்சரிவில் பனிச்சறுக்கு ஆடுபவர்களைக் கயிறு கட்டி மேலே இழுக்கும் லிஃப்டை 1934-லேயே ஓட்டிய ஊர். டிசம்பர் முதல் ஈஸ்டர் வரை பனிதான் அங்கே பயிர்.

நானும் மகளும் கீழே கூர் என்ற ஊரில் இருந்தோம். இவர் மேலே ஹோட்டல் ஊழியர் அறையில். கிழமைக்கு ஒரு நாள்தான் வருவார். ஈஸ்டர் முடிந்து ஊருக்குள் பனி கரைந்ததும் ஹோட்டலை மூடுவார்கள். அந்த ஐந்தாறு கிழமை எங்களுடன் இருப்பார். ஜூனில் மலையேறுபவர்கள் வரத் தொடங்க, திரும்பத் திறப்பார்கள்.

எங்கள் ஜன்னலில் நின்றால் கலண்டா மலை தெரியும். சித்திரையில் பாதி மலை வெள்ளையாக இருக்கும். வைகாசியில் வெள்ளை மேலே மேலே ஏறும். பிறகு பள்ளங்களில் மட்டும், திருநீற்றுக் கோடு மாதிரி வரிவரியாய் நிற்கும். அந்தக் கோடுகள் தெரிந்தால் இவருக்குப் பெட்டி கட்டும் நேரம் என்று அர்த்தம். அந்தக் கோடுகளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. சுற்றுலா வந்தவர்கள் 'கோடையிலும் பனி' என்று படம் எடுக்கும்போது நான் திரைச்சீலையை இழுத்துவிடுவேன்.

ஆனால் மார்கழியில் பனி விழாவிட்டால் வேறு கதை. ஹோட்டல் திறக்கத் தாமதமாகும், சம்பளமும் தாமதமாகும். அப்போது சாமி அறையில் நின்று, "பிள்ளையாரே, சினோ கொட்டப் பண்ணும்" என்று கேட்டிருக்கிறேன். (ஸ்னோவை நாங்கள் சினோ என்றுதான் சொல்வோம். பனி என்றால் மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், மலையை மூடுவதும் பனிதான். ஒரு சொல் போதவில்லை.)

கோடையிலே பனி எப்படி நிற்கிறது என்பதை இவர் எனக்குக் குசினிக் கணக்கில்தான் விளக்கினார். ஒரு கிலோ பனிக்கட்டியைத் தண்ணீராக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, அதே சூட்டில் உருகி வந்த அந்தக் குளிர்ந்த தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதாவது, தேத்தண்ணி போடும் பதத்துக்கு. அவ்வளவு சூட்டைக் குடித்துத்தான் அது கரையும். காற்று வெதுவெதுப்பாக இருந்தாலும் சட்டென்று போகாது. பனிச்சரிவு வந்து பள்ளத்தில் இறுகிக் கிடந்தால், வடக்குப் பார்த்த நிழலில் இருந்தால், இன்னும் நாட்பிடிக்கும். சுத்தமான வெள்ளைப் பனி வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் படத்தில் கண்ணைச் சுருக்கியிருந்தார். கீழிருந்தும் வெயில்.

அத்தோடு இந்த மலைகளில் கோடையை நம்ப முடியாது. நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி, இவர்களுக்கு வைகாசி நடுவில் 'பனிப் புனிதர்கள்' நாட்கள் உண்டு. அதற்கு முன்னால் தக்காளி நாற்று நடமாட்டார்கள். ஜூன் நடுவில் 'ஆட்டுக்குளிர்'. ரோமம் வெட்டிவிட்ட ஆடுகள் நடுங்கும் குளிர் என்பதால் அந்தப் பெயர். மேய்ச்சலுக்கு மலையேற்றிய மாடுகளைப் பனி கண்டு திரும்ப இறக்கிய ஜூன் மாதங்களும் உண்டு. ஒரு ஜூனில் இவர் விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தால், முதல் நாள் வெளியே போட்ட சாப்பாட்டு மேசைகள் எல்லாம் வெள்ளையாய் மூடிக் கிடந்ததாம்.

சரி, 2022-க்கு வருகிறேன். இவர் ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு. மகள் கார் ஓட்ட, நாலு வயதுப் பேத்தியோடு ஃப்ளூயெலா கணவாய்க்குப் போனோம். டாவோஸிலிருந்து மேலே ஏறும் பாதை, 2,383 மீட்டர். படம் எடுத்த இடம் அதுதான். இவர் பெட்டியின் அடியிலிருந்து அதே மாதிரி ஓர் அரைக்கைச் சட்டையைத் தேடி இஸ்திரி போட்டு வைத்திருந்தார். வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்டவில்லை என்பது வேறு விஷயம்.

பாறை இருந்தது. பனி இல்லை.

பாறையைச் சுற்றி ஈரச் சரளைக்கல். எட்டாத உயரத்தில் இரண்டு மூன்று அழுக்குக் கீற்றுகள். இவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாறையை ஒரு சுற்றுச் சுற்றினார். "இடம் பிழையோ?" என்று மகள் கேட்டாள். "இடம் சரி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பும் வழி முழுக்கச் சட்டையின் கைமடிப்பை நீவிக்கொண்டே வந்தார்.

எத்தனை வருடம் அந்தப் பனியைத் திட்டியிருப்பேன். அன்றைக்கு அது இல்லாததைப் பார்த்து எனக்கேன் வயிற்றைப் பிசைந்தது என்று தெரியவில்லை.

அந்த ஆண்டு மாரியில் பனி குறைவு. மார்ச்சில் சகாரா பாலைவனத்துத் தூசி காற்றில் வந்து பனிமேல் படிந்து அதை மஞ்சளாக்கியது. அழுக்கான பனி வெயிலைத் திருப்பி அனுப்பாது, உறிஞ்சும். வைகாசியே கொதித்தது. ஜூலை 25-ம் தேதி, காற்று உறைநிலைக்கு இறங்கும் உயரம் சுவிஸின் மேலே 5,184 மீட்டராகப் பதிவானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதுவும் முறிந்து 5,298 மீட்டர். சுவிஸின் மிக உயர்ந்த சிகரமே 4,634 மீட்டர்தான். அதன் உச்சியில்கூட உறைநிலை இல்லை. கோடையிலும் பனிச்சறுக்கு நடக்கும் செர்மாட்டில் அந்த ஜூலை கடைசியில் சறுக்கை நிறுத்தினார்கள். 2022, 2023 இரண்டு ஆண்டுகளில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன.

2024 வசந்தத்தில் மலை உச்சிகளில் பனி நிறைய. இவர் தினமும் போனில் மலை கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த முறை இருக்கும். பாருமன்" என்றார். ஜூன் கடைசியில், நல்ல வெயிலில் போனோம்.

இருந்தது! பாறையை ஒட்டி ஒரு வீட்டுக் கூரை அளவுக்குப் பழைய பனி. மேலே பழுப்புத் தூசி. ஓரிடத்தில் இளஞ்சிவப்பு. பேத்தி, "அம்மம்மா, ஆரோ ரோஸ் பால் ஊத்திப்போட்டினம்" என்றாள். அது பழைய பனியில் வளரும் ஒருவகைப் பாசி; வெயிலிலிருந்து தன்னைக் காக்கச் சிவப்பு நிறம் கொள்கிறது. அந்தச் சிவப்பும் பனியைச் சீக்கிரம் கரைக்கும் என்று மகள் சொன்னாள்.

இவர் ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டை புதியது, பொத்தான் பூட்டியது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் ஏறி நின்றார். நான் போனைத் தூக்கினேன். பாறை முழுதாக விழவில்லை.

"கொஞ்சம் பின்னாலை போங்கோ" என்றேன்.

போனார்கள்.

"இன்னும் கொஞ்சம்."

"நீர் கிட்ட வந்து எடுமன்" என்றார். "இல்லை, பாறை தெரிய வேணும். பிள்ளை, நீ மட்டும் இன்னும் ஒரு அடி பின்னாலை போ." நான்தான் சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போனாள்.

அவளுடைய வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது.

சத்தமே இல்லை. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம்தான், அதுவரை காதில் விழாதது, இப்போது கேட்டது. நான் போனைப் பிடித்தபடி நிற்கிறேன். 68 வயது மனிதர் அப்படியே குப்புற விழுந்து, நெஞ்சு பனியில் படக் கிடந்து, அவளுடைய கையை மணிக்கட்டோடு பிடித்துவிட்டார். "அசையாதை. அம்மப்பா பிடிச்சிருக்கிறன். அசையாதை." பிறகு கையும் முழங்காலுமாகப் பின்னுக்கு ஊர்ந்து இழுத்தார். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. கொஞ்சம் கீழே, பனி முடியும் இடத்தில் பீறிட்ட தண்ணீரோடு அது வெளியே வந்து போனதை மகள் பார்த்தாள்.

கோடைப் பனியின் ஓரம் மெல்லியது. மேலிருந்து கரையும் தண்ணீர் அடியில் ஓடி, உள்ளே கோறையாக்கிவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பள்ளமான சரிவில் குறுக்கே கிடந்தால் இன்னும் மோசம். இறுகிய பனியில் சாதாரணச் சப்பாத்து பிடிக்காது, வழுக்கினால் கீழே கல்வரைக்கும் போகவேண்டியதுதான். ஜூனில் மலை நடைக்கு வந்து இப்படி விழுந்தவர்கள் கதையை, குசினியில் கூட வேலைசெய்த இந்த ஊர்க்காரர் ஒருவர் இவருக்குச் சொல்ல, இவர் எனக்கும் பலமுறை சொல்லியிருக்கிறார். நான் எல்லாவற்றுக்கும் "ம்ம்" கொட்டியிருக்கிறேன்.

அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நெஞ்சில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பேத்தியின் காலை இரண்டு கையாலும் தேய்த்துச் சூடாக்கி, தன் ஜாக்கெட்டால் சுற்றினார். மகளும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. அவருடைய முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. அரைக்கைச் சட்டை.

திரும்பும்போது, பள்ளத்தாக்கு டாவோஸில் முடியும் இடத்துக்குக் கிட்ட, ஒரு பெரிய பழுப்பு மேடு. மரத்தூள். பேத்தி "அது என்ன?" என்று கேட்ட பிறகுதான் காருக்குள் யாரோ கதைத்தோம்.

அதற்குள்ளே சினோ இருக்கிறது. குளிர்காலத்தில் இயந்திரத்தால் பனி செய்து குவித்து, மேலே சுமார் 40 செ.மீ. தடிப்புக்கு மரத்தூள் போட்டுக் கோடை முழுக்க மூடி வைக்கிறார்கள். முக்கால் பங்கு மிஞ்சும். அக்டோபர் கடைசியில் அதைப் பிரித்து எடுத்து, பாதையாக விரித்துச் சறுக்குகிறார்கள். இந்த ஊரிலேயே பனி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேலே மலையில் 1936 முதல் பனியை அளந்துவருபவர்கள். இந்தக் கணக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பனி நிறைய இருந்த அந்த 2024-லும் பனியாறுகள் 2.4 சதவீதம் குறைந்தன என்ற கணக்குப் பிறகு பேப்பரில் வந்தது.

இவருக்கு அந்த மேட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எங்கடை மீன் சந்தையிலை ஐஸ் வைக்கிற மாதிரித்தான். மரத்தூளுக்கை வைச்சு, மேலை சாக்குப் போட்டு மூடுவாங்கள். பின்னேரம் வரைக்கும் கிடக்கும்."

"மூடினால் சூடாகாதா, அம்மப்பா?"

"வெளிச் சூடு உள்ளை போகாமல்தான் மூடுறது."

அவள் ஒற்றைச் சப்பாத்துக் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். "எப்ப திறப்பினம்?"

"ஐப்பசியிலை."

"அப்ப வருவமா?"

கண்ணாடியில் இவர் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"வருவம்" என்றேன். "ஆனால் படம் உன்ரை அம்மா எடுக்கட்டும்."

போனில் அன்றைக்கு ஒரே ஒரு படம்தான் பதிவாகியிருந்தது. எப்போது அழுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. எல்லாம் ஆடிப்போய், மங்கலாக, பாதி வானம். ஓரத்தில் ஒரு சிவப்புத் தொப்பி, அதை நோக்கி நீளும் ஒரு வெறுங்கை. மகள் அழிக்கச் சொன்னாள். நான் பிரிண்ட் போட்டு, அலுமாரியில் பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் தேதி மட்டும் எழுதினேன்.